பீச் என்றால் ரோடு வேண்டாமா?

சுற்றுலா கூட்டிப்போகிற தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு: பதினாலு பேர் சந்தோஷமாக இருக்கக் கிளம்புவார்கள், அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று கவலைப்படுவதற்கு மட்டும் பதினைந்தாவதாக ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைப்பார்கள். அந்தப் பதினைந்தாவது ஆள் நான். குடும்பத்தோடு வேன் பிடித்துத் திருப்பதிக்குப் போய் வந்தவர்களுக்கு என் பாடு புரியும். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. ஏ.சி. அதிகம் என்று ஒருவர், போதவில்லை என்று ஒருவர். வண்டி கிளம்பிய பிறகு பாத்ரூம் ஞாபகம் வருகிற ஒருவர். இத்தனையையும் பாஸ்போர்ட்டோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

எங்கள் அலுவலகம் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மாடியில் இருக்கிறது. வருடத்துக்கு நாலைந்து தடவை தாய்லாந்துக்கு ஆள் கூட்டிப்போவேன். பாங்காக்கில் மூன்று நாள், பிறகு ஒரு சின்னத் தீவில் இரண்டு ராத்திரி. அந்தத் தீவைத் தேடிப் பிடித்துத் திட்டத்தில் சேர்த்தவள் நான்தான். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்கள் எல்லோரும் கிளம்பிவிடுவீர்கள். நீளமாக வெள்ளை மணல், பத்துக் குடில், ஒரு சமையல்கட்டு, ஒரு நாய். அவ்வளவுதான் தீவு. முதல் தடவை பார்க்கப் போனபோது அரை மணி நேரம் அந்த மணலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் என்னை ‘மேடம்’ என்று கூப்பிடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் முதலாளி பாலாஜிக்கு அழுகை வராது. என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், ஆனால் முதலாளி முதலாளிதான். இந்தப் பயணம் கிளம்புகிற அன்று காலையில் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: “மூணு குரூப்பு வரிசையா தீவுல ஒண்ணுமே இல்லன்னு கம்ப்ளெய்ன்ட் பண்ணிட்டாங்கக்கா. இந்த குரூப்பும் பண்ணுச்சுன்னா அத தூக்கிட்டு ஷாப்பிங்கும் முதலை ஷோவும் போட்டுடுறேன். அதுக்கு பாங்காக்லயே ஆள் இருக்கான். நீங்க ஆபீஸ்ல குந்தி டிக்கெட் போட்டா போதும்.” ஆக, தீவு போனால் என் பிழைப்பும் நாற்காலியோடு முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கடல் இங்கேயே இருக்கிறதே

புதுச்சேரியில் இருந்துகொண்டு கடற்கரைச் சுற்றுலாவுக்கு ஆள் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அவர்கள் ஊரிலிருந்து சனி ஞாயிறானால் பஸ் பஸ்ஸாக இங்கே வந்து இறங்குகிறார்கள். நான் இங்கே இருப்பவர்களிடம், வாருங்கள், வேறு நாட்டில் ஒரு கடல் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கேட்கிறவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார்.

இந்தத் தடவை சேதராப்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு நர்ஸ் பெண் வந்தாள், அப்பா அம்மாவோடு. இரண்டு பேரையும் ஒரு தடவையாவது பிளேனில் ஏற்றிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பா ஏழுமலை விடியற்காலையில் நிலத்துக்குப் போவார், பகலில் தொழிற்பேட்டையில் ஷிப்டுக்குப் போவார். அம்மா அஞ்சலை ஒரு வார்த்தை பேசாமல், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் படங்களைக் காட்டிக் காட்டி, மணல் எப்படி வெள்ளை, தண்ணீர் எப்படிப் பச்சை என்று பத்து நிமிடம் பேசி முடித்தேன். ஏழுமலை படத்தையும் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே கடல் இருக்கிற கிழக்குத் திசையையும் பார்த்தார்.

“ஏம்மா, கடலுக்குப் பக்கத்துலயே குந்திகினு, கடலப் பாக்க பிளேன்ல போவச் சொல்றியே, இது உனக்கே நாயமா இருக்குதா?”

ஷூவோடு ஒரு மனிதர்

மகள் பிடிவாதம் ஜெயித்தது. ஏழுமலையும் அஞ்சலை அக்காவும் வந்தார்கள். கூட இன்னும் பன்னிரண்டு பேர். அதில் மூன்று பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் லோகநாதன் சார், கருவடிக்குப்பத்துக்காரர், அரசாங்க அலுவலகத்தில் சூப்பரின்டெண்டெண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், தனியாக வந்திருந்தார். மற்ற இருவர் ரொசாரியோ முசியேவும் அவர் மனைவி அனியெஸ் மதாமும்; சாருக்கும் மேடத்துக்கும் எங்கள் ஊர்ப் பிரெஞ்சு அது. முசியே பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்.

தீவில் படகுத்துறை கிடையாது. படகு கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும், முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். இதை நான் வேனில் சொன்னேன், விமானத்தில் சொன்னேன், படகில் ஏறும்போதும் சொன்னேன். லோகநாதன் சார் கறுப்பு லெதர் ஷூவும் மடிப்புக் கலையாத பேன்ட்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எல்லோரும் இறங்கியாயிற்று. அவர் மட்டும் படகில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஷூவைக் கழற்றுங்கள் சார் என்றால், அவிழ்த்தால் மறுபடி கட்டக் குனிய முடியாது, முதுகு என்கிறார். படகுக்காரர் வாட்சைப் பார்க்கிறார். எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது. தீவில் காலே வைக்கவில்லை, அதற்குள் முதல் புகார்.

ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்ப வந்தார், படகுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார், “ஏறு சார்” என்றார். நெல் மூட்டை தூக்கிப் பழகிய முதுகு. லோகநாதன் சார் ஷூவோடு, பையோடு, மூக்குக்கண்ணாடியோடு அதில் ஏறிக் கரைக்கு வந்தார். இறக்கிவிட்டதும் சட்டையைச் சரிசெய்துகொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“ரிட்டயர் ஆன அன்னிக்குக்கூட என்னை யாரும் இப்படித் தூக்கல மேடம்.”

திரும்புகிற இடம்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு பீச் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பீச் என்பது ரோடு. சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். குளித்து, பவுடர் போட்டு, பூ வைத்துக்கொண்டு போய், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும். கடல் பக்கவாட்டில் இருக்கும், யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை. ஒவ்வொருவருக்கும் திரும்புகிற இடம் என்று ஒன்று உண்டு. அங்கே போய் விளக்குக் கம்பத்தையோ சுவரையோ கையால் ஒரு தட்டுத் தட்டினால்தான் நடை கணக்கில் சேரும்.

அன்று மாலை ஐந்தரைக்குக் குடிலுக்கு வெளியே வந்து பார்த்தேன். பதினாலு பேரில் பத்துப் பேர் குளித்துத் தலைவாரி, நல்ல துணி உடுத்தி வரிசையாக நிற்கிறார்கள். லோகநாதன் சார் தலைமையில் மணலில் நடக்கத் தொடங்கினார்கள். கால் புதைகிறது. ஷூவுக்குள் மணல் போகிறது. நாலு பேர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு போவது மணலில் நடக்காத காரியம். எதிரே வருகிறவர் என்று ஒருவர்கூட இல்லை, வணக்கம் சொல்ல ஆளே இல்லை. கோடிக்குப் போனதும் எல்லோரும் குழம்பிப்போய் நின்றார்கள். கடைசியில் லோகநாதன் சார் சாய்ந்திருந்த ஒரு தென்னை மரத்தைத் தேர்ந்தெடுத்து அதில் ஒரு தட்டுத் தட்டினார். பின்னால் வந்த ஒன்பது பேரும் ஆளுக்கொரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பினார்கள். தீவின் நாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கூடவே வந்தது.

நான் மணலில் உட்கார்ந்து, எப்படி சார் இருக்கிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“பீச்சுன்னா ஒரு ரோடு வேணாமா மேடம்? வெறும் மணலா கெடக்கே!”

அக்கரையிலும் பென்ஷன்

ரொசாரியோ முசியே கிளம்பும்போதே எனக்கு தைரியம் சொல்லியிருந்தார். வெளிநாட்டில் பாஷைக் கஷ்டம் வந்தால் அவர் பார்த்துக்கொள்வாராம். அவரைப் பொறுத்தவரை வெளிநாடு என்றால் பிரெஞ்சுதான். தீவில் குடில்களை நடத்துகிற மாலி என்கிற தாய்லாந்துப் பெண்மணியிடம் போய் நிமிர்ந்து நின்று, கொசுவலை வேண்டும் என்று சுத்தமான பிரெஞ்சில் கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் மாலி அதைவிடச் சுத்தமான பிரெஞ்சில், கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்றாள். அவளுடைய பாதி வாடிக்கையாளர்கள் பிரெஞ்சுக்காரர்களாம். முசியேவின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அந்தச் சோகம் ஒரு மணி நேரம்தான். பக்கத்துக் குடிலில் ஒரு வயதான பிரெஞ்சுக்காரர் தங்கியிருந்தார். அவரும் பழைய சிப்பாய். இருவரும் கண்டுகொண்டார்கள். முதலில் எந்த ரெஜிமென்ட் என்று பேசினார்கள், பிறகு முட்டி வலி பற்றி, அப்புறம் பென்ஷன். உயிரோடு இருப்பதற்கான சான்றிதழை எந்த மாதம் அனுப்ப வேண்டும், அனுப்பியும் நிறுத்திவிட்டால் யாருக்கு எழுத வேண்டும் என்று அன்று முழுக்கப் பேசினார்கள். எனக்கு முன்னால் சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மணலில் விரலால் ஃபாரம் வரைந்து ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

அனியெஸ் மதாம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதயேதான் கேக்கறேன் செல்வி, கடலத் தாண்டி வந்தும் கேக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?”

கடல் உள்ளே போன காலை

மறுநாள் காலை ஏழரை மணி. “கடல் உள்ள போயிடுச்சு! ஓடுங்க! ஓடுங்க!” என்று லோகநாதன் சார் அலறுகிற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். நேற்று படகு நின்ற இடத்தில் தண்ணீர் இல்லை. பார்வை போகிற தூரத்துக்கு ஈர மணலும் பாறையும்தான், கடல் எங்கேயோ வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் போட்டோ எடுத்திருப்பார்கள். நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். எங்கள் கரையில் கடல் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்கே தெரியாது. அது ஒரே ஒரு தடவைதான் இப்படி உள்ளே போய்க் காட்டியது, பிறகு திரும்பி வந்தது. சுனாமி என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டோம். அதைப் பார்த்தவர்கள், பார்த்தவர்களிடம் கேட்டவர்கள் எல்லோருக்கும் அது உடம்பில் இருக்கிறது. பதினாலு பேரும் நைட்டியும் லுங்கியுமாகக் குடில்களுக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறி ஓடினார்கள். ரொசாரியோ முசியே “அலே! அலே! வித்!” என்று பிரெஞ்சிலேயே, பட்டாளத்துக் குரலில் எல்லோரையும் விரட்டினார். எனக்கு விஷயம் தெரியும். அந்தக் கடல் தினம் இப்படித்தான் இறங்கும், மத்தியானம் ஏறிவிடும், முந்தைய குரூப்போடு வந்தபோதே பார்த்திருக்கிறேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் என் காலும் ஓடிக்கொண்டிருந்தது.

மேட்டில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் எல்லோரும் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது, மாலி ஒரு பெரிய கெட்டிலில் டீ எடுத்துக்கொண்டு ஏறி வந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அவளும் அந்த வருடத்துக்குப் பிறகு ரொம்ப நாள் இப்படி ஓடியிருக்கிறாளாம். கடல் எத்தனை மணிக்கு இறங்கும், எத்தனை மணிக்கு ஏறும் என்று அச்சடித்த தாளைச் சமையல்கட்டுச் சுவரில் ஒட்டிய பிறகுதான் ஓட்டம் நின்றதாம். ஒவ்வொருவருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தாள். அப்போதுதான் ஏழுமலையின் கையில் இருந்ததை எல்லோரும் பார்த்தோம். பாஸ்போர்ட் இல்லை, பர்ஸ் இல்லை, வீட்டிலிருந்து கொண்டுவந்த ரைஸ் குக்கரை மூடியோடு அணைத்துப் பிடித்திருந்தார். இதையா தூக்கிக்கொண்டு ஓடினீர்கள் என்று யாரோ கேட்டார்கள்.

“உசுரு பொழச்சி மேல வந்தப்பறம் பசிக்குமா பசிக்காதா?”

பொருள்: தீவு

பயம் தெளிந்ததும் எல்லோருக்கும் கோபம் வந்தது. கோபம் வந்தால் லோகநாதன் சாருக்குக் கை சும்மா இருக்காது. டிபன் முடிந்த கையோடு, நான் கொடுத்த பயணத் திட்டத் தாளின் பின்பக்கத்தில், என் பேனாவையே வாங்கி, பாலாஜிக்கு ஒரு மனு எழுதினார். பிழை இருக்கிறதா பாருங்கள் என்று என்னிடமே நீட்டினார்.

‘பொருள்: தீவில் தங்குவதைப் பயணத் திட்டத்திலிருந்து நீக்கக் கோருதல் – தொடர்பாக. பார்வை: தங்களது பயணத் திட்டம், பக்கம் இரண்டு. மேற்கண்ட தீவில் தங்கியுள்ள நாங்கள் அனைவரும் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது: (அ) நடப்பதற்குச் சாலை இல்லை. (ஆ) உட்காருவதற்குச் சுவர் இல்லை. (இ) சுண்டல் இல்லை. (ஈ) கடல் நிலையாக ஓரிடத்தில் இருப்பதில்லை.’

பிழை ஒன்றுகூட இல்லை. கையெழுத்து அழகு. படிக்கப் படிக்க, மருந்துக் கடை மாடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பஸ் ஹார்ன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காலமெல்லாம் டிக்கெட் போடுகிற என் முகம் கண்ணுக்குத் தெரிந்தது. சார், இது போனால் எனக்கும் இந்தப் பயண வேலை போகும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்பது இந்தத் தொழிலின் சட்டம். கூட வந்தவர்கள் நம் கவலையைச் சுமக்கக் கூடாது. நன்றாக இருக்கிறது சார் என்று திருப்பிக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் வரிசையாகக் கையெழுத்து விழுந்துவிட்டது. முசியே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு மதாமுக்கும் சேர்த்துப் பேனாவை நீட்டினார், அவரும் போட்டார். ஏழுமலை தமிழில் போட்டார். என் முகம் வாடியிருந்ததைப் பார்த்து லோகநாதன் சார் ஆறுதல் சொன்னார்.

“கவலையேபடாதீங்க மேடம், என் சர்வீஸ்ல நான் எழுதுன ஒரு மனுவக்கூட எவனும் திருப்பி அனுப்புனதில்ல.”

ஒரு கையெழுத்து பாக்கி

பதின்மூன்று கையெழுத்து ஆகிவிட்டது, ஒன்று குறைகிறது. ‘நாங்கள் அனைவரும்’ என்று எழுதியிருப்பதால் ஒருவர் விடுபட்டாலும் மனு செல்லாது என்றார் லோகநாதன் சார். அஞ்சலை அக்கா எங்கே என்று பார்த்தால் ஆளைக் காணோம். ஏழுமலை சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பாமல் நான் தேடப் போனேன். தென்னை மரம் வரை போனேன், இல்லை. அதற்கு அப்பால் பாறைகள். பாறை மேல் அக்காவின் புடவை மடித்து வைத்திருந்தது, பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கல், பக்கத்தில் அவர் பை. 

பாறையைச் சுற்றி ஓடினேன். அந்தப் பக்கம் குளம் மாதிரி அமைதியான தண்ணீர். அதில் நைட்டியோடு, கழுத்து வரைக்கும் முங்கி, தரையில் சம்மணம் போட்டு அஞ்சலை அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழப்போனார். அக்கா, உட்காருங்கள் உட்காருங்கள் என்றேன். எவ்வளவு நேரமாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன். தெரியவில்லையாம்.

“எங்க ஊர்லேர்ந்து பீச்சு பஸ்ஸுல முக்கா மணி நேரந்தாம்மா. எத்தினியோ வாட்டி போயிருக்கேன், மாசி மகத்துக்கு, புள்ளைங்கள கூட்டிகினு. முட்டிக்கு மேல நனஞ்சதில்ல. நனஞ்சா புடவ ஒட்டும், பாக்குறதுக்குன்னே நாலு பேரு நிப்பான். அப்பறம் அந்த ஈரத்தோட பஸ்ல ஏற முடியுமா? அவுரு இறங்குவாரு, பையன் இறங்குவான். நான் செருப்புக்குக் காவலு.” ஆத்திரம் எதுவும் இல்லாமல், கடைக்குப் போய்வந்ததைச் சொல்கிற குரலில்தான் சொன்னார். இந்தத் தீவில்தான் பார்க்க ஒருவரும் இல்லை.

மனு, கையெழுத்து எதையும் நான் பேசவில்லை. புடவையையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்து, இந்தப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் சாய்ந்தார், தண்ணீர் தாங்கியது, காலை நீட்டினார். கொண்டை அவிழ்ந்தது. ஒரு அலை முகத்தில் அடித்து வாய்க்குள் போனது. அவர் அதைத் துப்பிவிட்டுத் தனக்குத்தானே சிரித்த சிரிப்பை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

“கடலுக்குக் கிட்டவே பொறந்து, கிட்டவே வாக்கப்பட்டு, இது இம்மாம் உப்புன்னு இன்னிக்குத்தாம்மா என் நாக்குக்குத் தெரியுது.”

தொட்டி மேட்டில் விசாரணை

தீவில் போன் சிக்னல் கிடைப்பது அந்தத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்தான். கிளம்புகிற அன்று காலை டிபனுக்குப் பிறகு பாலாஜி வீடியோ காலில் வந்தார். எல்லோரும் போனைச் சுற்றி நின்றோம். லோகநாதன் சார் மனுவை (அ), (ஆ) என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தார். சரி சார், தூக்கிடுறேன் என்று பாலாஜி உடனே சொல்லிவிட்டார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். ஒரு கையெழுத்து பாக்கி இருக்கிறது என்றார் லோகநாதன் சார். ஏழுமலை பேனாவை வாங்கி மனைவியிடம் நீட்டி, “போடு” என்றார்.

“போட மாட்டேன்” என்றார் அஞ்சலை அக்கா.

அவர் அத்தனை பேர் நடுவில் பேசி அதுவரை நாங்கள் கேட்டதில்லை. ஏழுமலையே கேட்டதில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அக்கா போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். “தம்பி, இங்க ரோடு இல்ல, வாஸ்தவந்தான். கடகண்ணி இல்ல. ஆளு இல்ல. ஆளு இல்லாததாலதான் நான் கடல்ல குளிச்சேன். கழுத்து வரைக்கும் எறங்கி, பயமில்லாம குளிச்சேன். நேத்து மத்தியானம் குளிச்சேன், இன்னிக்கு விடியக்காலம் இவுரு தூங்கறப்பவும் குளிச்சேன். நான் மறுபடி வரப்போறதில்ல தம்பி, எம்பொண்ணு ஒரு வாட்டிதான் அனுப்பும். ஆனா என்ன மாதிரி ஒருத்தி அடுத்த வண்டியில வருவா. அவளுக்கு இது இருக்கணும்.”

ஏழுமலை மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அனியெஸ் மதாம் பேனாவை வாங்கி, முசியேவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் கையெழுத்தின் மேல் அழுத்தமாக ஒரு கோடு போட்டார். கூட வந்த பெண்களில் இன்னும் மூன்று பேர் அடித்தார்கள். ஏழுமலை ரொம்ப நேரம் யோசித்து, தன் பெயரின் மேல் சின்னதாக ஒரு கோடு இழுத்தார். லோகநாதன் சார் அடிக்கவில்லை. போட்ட கையெழுத்தை அடிப்பது அவர் சர்வீஸில் இல்லாத வழக்கம். ஆனால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மனுவின் அடியில் அதே அழகான எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: ‘குறிப்பு: ஒருவர் ஆட்சேபணை தெரிவித்துள்ளார். ஆட்சேபணை நியாயமானது.’ அதன் கீழே மறுபடியும் ஒரு கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பாலாஜி அதைப் பெரிதாக்கிப் படிப்பது திரையில் தெரிந்தது. தலையைச் சொறிந்துகொண்டார்.

“மனு எழுதுனவரே ஆட்சேபணை நியாயம்னு எழுதி அனுப்பிட்டா நான் எதத் தூக்குறதுக்கா? அடுத்த குரூப்புக்கும் தீவோடயே போட்டுடுங்க.”

பன்னிரண்டு வருடமாக ஊரார் பைகளுக்கெல்லாம் கரையில் காவல் இருந்தாயிற்று, அடுத்த தடவை என் பையை யாரை நம்பிக் கொடுத்துவிட்டு நான் தண்ணீரில் இறங்குவது என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு இப்போது மிச்சமிருக்கிற ஒரே கவலை.